நாலு மணி டீயின் கசப்பு

குடியை விட்ட பத்தொன்பதாவது நாள், என் மனைவி டீயில் ஏதோ கலக்கிறாள் என்று எனக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துவிட்டது. ஆதாரம் என்று பார்த்தால் கசப்பு ஒன்றுதான். நாலு மணிக்கு அவள் மாடிக்குக் கொண்டுவந்து வைத்த டீ அடிநாக்கில் ஒட்டிக்கொண்டு கசந்தது. முந்தின நாளும் கசந்தது. அதற்கும் முந்தின நாள் குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி வந்தது. சந்தேகப்பட ஆரம்பித்தவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

எங்கள் ஊர்ப்பக்கம் இருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று உடனே புரியும். பஸ் ஸ்டாண்டுச் சுவரில், கரண்ட் கம்பத்தில், கட்டணக் கழிப்பறைக் கதவில்கூட அந்த நோட்டீஸ் ஒட்டியிருக்கும். குடிப்பவருக்குத் தெரியாமலே சாப்பாட்டில் கலந்து கொடுத்தால் குடி நிற்குமாம், அப்படி ஒரு பொடி. ‘தெரியாமலே’ மட்டும் சிவப்பு எழுத்தில் இருக்கும். குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அதைப் படித்துச் சிரித்திருக்கிறேன். விட்டபிறகு அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டாலே வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். பொடி உள்ளே போயிருந்தால் குடியை விட்டது நான் இல்லையே! இத்தனை வயதில் நானாகச் செய்த ஒரே உருப்படியான காரியம், அதுவும் என்னுடையது இல்லை என்றாகிவிடும்.

ஆம்பூரில் ஒரு ஷூ ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டுக்காரன் கேட்கிற நிறமும் தோலும் சரியாக வருகிறதா என்று பார்ப்பது, தோல் பதனிடுகிற டேனரிக்கும் ஷூ தைக்கிற பாக்டரிக்கும் நடுவில் உட்கார்ந்து மெயில் எழுதுவது, இதுதான் வேலை. கொரோனா ஊரடங்கில் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். மிஷினில் உட்காருகிறவர்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள், எங்களைக் கூப்பிடவில்லை. எங்கள் செக்‌ஷன் இருந்த இடத்தில் அட்டைப்பெட்டி அடுக்கிவிட்டார்கள். வருஷங்கள் ஓடியும் மாடியில் இருக்கிற ஒற்றை அறைதான் எனக்கு ஆபீஸ். மகள் வெளியூரில் படிக்கிறாள். கம்ப்யூட்டரில் தெரிகிற முகங்களை விட்டால், பகலில் நான் மனுஷ முகம் பார்ப்பது மனைவி டீ வைத்துவிட்டுப் போகிற அந்த ஒரு நிமிஷம்தான்.

ஆபீஸில் இருந்தவரை சனிக்கிழமை மட்டும் குடித்தவன் நான். மாடியில் யார் கேட்கப் போகிறார்கள்? சாயங்காலம் ஆறு மணி என்பது நாலாச்சு, அப்புறம் பகல் பன்னிரண்டாச்சு. எவர்சில்வர் டம்ளரில் ரம் ஊற்றிக் கேமராவுக்கு முன்னாலேயே குடிப்பேன். அந்தப் பக்கம் இருக்கிறவன் தண்ணீர் என்று நினைத்துக்கொண்டான். வாடை? அறை முழுக்கத் தோல் துண்டுகள், ஒட்டுகிற சொல்யூஷன், பாலிஷ் என்று எந்நேரமும் நெடி அடித்துக்கொண்டிருக்கும். அந்த நெடிக்குள் ரம்மை ஒளித்துவிடலாம் என்று நம்பினேன்.

என் மனைவி ஷூ பாக்டரியில் பன்னிரண்டு வருஷம் செக்கராக இருந்தவள் என்பதை எப்படி மறந்தேனோ! முடிந்த ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தையல் விட்ட இடத்திலும் கீறல் விழுந்த இடத்திலும் சின்னச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கி வைப்பது அவள் வேலை. வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம், அம்பு ஒட்டினால் போதும். வேலையை விட்டு நின்றபிறகும் அந்த ஸ்டிக்கர் தாள்கள் அவளிடம் இருந்தன. ஒருநாள் தோல் பெட்டிக்கு அடியில் ஒளித்திருந்த பாட்டிலை எடுத்தால், ரம் எந்த மட்டத்தில் நின்றதோ அதே மட்டத்தில் ஒரு சிவப்பு அம்பு. சண்டை இல்லை, அழுகை இல்லை, அம்பு மட்டும். எனக்குக் காது மடல்வரை கூசியது. ஆனால் என்ன செய்தேன் தெரியுமா? பாட்டிலை வேறு இடத்தில் ஒளித்தேன்.

நான் குடியை நிறுத்தியது வேறு காரணத்தால். ஒரு ஆர்டருக்கு வெளிர் பழுப்பு நிறத்தில் தோல் வேண்டியிருந்தது. வாடிக்கையாளன் சரி என்று ஒப்புக்கொண்ட மாதிரித் துண்டு என் மேஜையில் கிடந்தது. அதை இரண்டாக வெட்டி ஒரு பாதியைப் பேரணாம்பட்டு டேனரியில் இருந்த கலர் மாஸ்டருக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்து மொத்தத் தோலுக்கும் நிறம் ஏற்றவேண்டும். வந்து இறங்கிய தோல் அத்தனையும் கருத்துக் கிடந்தது. மாஸ்டர் போனில், “நீங்க அனுப்புன பீஸ வெச்சுத்தான் சார் அடிச்சேன். ஒரு சொட்டு ஜாஸ்தி இல்ல, கம்மி இல்ல” என்றார். கம்பெனியில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த மனுஷனைக் கிழிகிழி என்று கிழித்தார்கள்.

என்னிடம் இருந்த பாதியை ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்துப் பார்த்தேன். வெட்டிய ஓரத்தில் மெல்லிசாக ஒரு வளைவு தெரிந்தது. டம்ளர் அடியின் வளைவு. ரம் வழிந்த டம்ளரை அந்தத் துண்டின்மேல் வைத்திருக்கிறேன், அது ஊறிக் கருத்த பாதியைத்தான் வெட்டி அனுப்பியிருக்கிறேன். மாஸ்டர் என் குடியை அச்சு அசலாகப் பார்த்து அத்தனை தோலுக்கும் ஏற்றிவிட்டார். அவருக்குப் போய்க்கொண்டிருந்த ஆர்டரெல்லாம் நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையிலிருந்து குடிக்கவும் இல்லை.

முதல் வாரம் பட்ட பாட்டை எதிரிக்கும் வேண்டமாட்டேன். கை நடுங்கும், சட்டை நனைகிற அளவுக்கு வியர்க்கும், படுத்தால் சுவர் அசைகிற மாதிரி இருக்கும். பிற்பாடு ஒரு டாக்டரிடம் போனபோது, “யாரைக் கேட்டு இப்படி ஒரேயடியாக நிறுத்தினீர்கள்? உயிர் போயிருக்கும்” என்று திட்டினார். அன்றைக்கு அதெல்லாம் எனக்குத் தெரியாது. மனைவியிடமும் சொல்லவில்லை. விட்டுவிட்டேன் என்று சொன்னால் ஏன் விட்டாய் என்று கேட்பாளே, அதற்கு மாஸ்டர் கதையைச் சொல்லவேண்டுமே.

சொல்லாததால் அவள் என்னை இரண்டு மடங்கு சந்தேகப்பட்டாள். குடிக்கிறவன் குடித்தால் அவளுக்கு அது தெரிந்த கணக்கு. திடீரென்று பாட்டில் எங்கேயும் இல்லை என்றால்? புதுசாக எங்கேயோ ஒளிக்கிறான் என்று அர்த்தம். நான் குளிக்கப் போனால் மாடியில் பெட்டி நகர்கிற சத்தம் கேட்கும். தண்ணீர் டேங்க்கின் மூடி இடம் மாறியிருக்கும். என் தண்ணீர் பாட்டிலை மோந்து பார்த்துவிட்டு வைப்பாள், மூடியை அரைத் திருகில் விட்டுவிடுவாள். அதுதான் அவள் மாட்டிக்கொள்கிற இடம். உள்ளுக்குள் கொதிக்கும். ‘அடிப்பாவி, யோக்கியமாக இருக்கும்போதா என்னை வேவு பார்க்கிறாய்?’ என்று தோன்றும். கேட்கத்தான் வாய் வராது.

இந்த நேரத்தில்தான் டீ கசந்தது. கூடவே வேறு சிலதும் சேர்ந்துகொண்டன. கீழ்வீட்டில் உருது பேசுகிற குடும்பம். அந்த வீட்டு அம்மாவை இவள் ‘ஆபா’ என்பாள், அக்கா மாதிரி. இரண்டு பேரும் படிக்கட்டில் நின்று குசுகுசு என்று பேசுவார்கள். நான் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். “இன்னா பேசினு இருந்தீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “கத்திரிக்கா வெல பேசினு இருந்தோம்” என்றாள். கத்திரிக்காய்க்கு எதற்கு அவ்வளவு ரகசியம்? அந்த மாதம் ஆலங்காயத்தில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்வந்தவள், வழக்கமாகக் கொண்டுவருகிற மாங்காயோ புளியோ எதுவும் இல்லாமல் கைப்பையை அணைத்துக்கொண்டு வந்ததும் ஞாபகம் வந்தது. எல்லாம் பொருந்தியது. பொருந்தப் பொருந்த எனக்குத் தலை சூடேறியது.

டீயை வாங்கி வைத்துக்கொள்வேன், அவள் இறங்கியதும் மொட்டைமாடிச் சாக்கடைக் குழாயில் ஊற்றுவேன். இரண்டு நாளில் ஒரு கரண்ட் அடுப்பை மாடிக்குக் கொண்டுவந்து நானே டீ போட ஆரம்பித்தேன். “எதுக்கு உனக்குச் சிரமம்” என்றேன். அவள் அடுப்பைப் பார்த்தாள், பாத்திரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இறங்கிப் போய்விட்டாள். தன் கண்ணுக்கு மறைவாக டம்ளரில் எதையோ சேர்க்கத்தான் இந்த ஏற்பாடு என்று அவள் நினைத்திருக்கிறாள். எனக்கு அது அப்போது உறைக்கவில்லை.

பொட்டலத்தை நான் கண்டுபிடித்தது அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு மத்தியானம். நானும் வேவுதான் பார்த்தேன், மறைக்கவில்லை. அவளுடைய பழைய பாக்டரிப் பையில், மடித்த ஏப்ரனுக்கும் ஸ்டிக்கர் தாள்களுக்கும் அடியில் ஒரு காகிதப் பொட்டலம். முன்பக்கத்தில் மங்கிய அச்சில் அந்த நோட்டீஸில் இருக்கிற அதே வாசகம். அத்தனை நடுக்கம், அத்தனை வியர்வை, ஒவ்வொரு நாலு மணியையும் பல்லைக் கடித்துத் தாண்டியது, எல்லாம் பொடியின் வேலையா? அழுகை வரவில்லை, ஆங்காரம்தான் வந்தது. பொடியா நானா, இன்றைக்கே பார்த்துவிடலாம் என்று செருப்பை மாட்டினேன். குடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குமட்டினால் பொடி, குமட்டாவிட்டால் நான். அந்த நேரத்தில் அது எவ்வளவு நியாயமான யோசனையாகத் தோன்றியது என்பதை நினைத்தால் இன்றும் பயமாக இருக்கிறது.

கடைக்குப் போய் ஒரு குவார்ட்டர் வாங்கிவந்து மேஜையில் வைத்தேன். பக்கத்தில் டம்ளர். மூடியில் கை வைத்தபோது படியில் அவள் கால் சத்தம். ஒளிக்கவில்லை, வேண்டுமென்றே அப்படியே விட்டேன். அவள் வாசலில் நின்று பாட்டிலைப் பார்த்தாள். முகம் அப்படியே விழுந்துவிட்டது. ‘நான் சந்தேகப்பட்டது சரிதான்’ என்கிற மாதிரி இல்லை. சரியாக இருந்துவிடக் கூடாதே என்று இத்தனை நாள் வேண்டிக்கொண்டிருந்தவள் முகம் மாதிரி இருந்தது.

நான் முந்திக்கொண்டேன். பொட்டலத்தை அவள் காலடியில் விட்டெறிந்தேன். “இத எத்தினி நாளா கலக்கற?”

எப்போதும் ‘நீங்க’ என்று பேசுகிறவள். அன்றைக்கு, “குனிஞ்சு எடு. எடுத்துத் திருப்பிப் பாரு” என்றாள்.

எடுத்துத் திருப்பினேன். மடித்த வாயின் குறுக்கே ஒரு சிவப்பு அம்பு. ஓரம்கூடக் கிளம்பாமல், ஒட்டினது ஒட்டினபடி இருந்தது. பிரித்திருந்தால் காகிதத்தோடு கிழிந்திருக்கும்.

“கலக்கணும்னுதான் வாங்கியாந்தேன். பொய் சொல்லல. ஆபாதான் வேணாம்னாங்க, கொடலு வெந்துடும்னாங்க. ரோசன பண்ணினு இருந்தேன், அந்த வாரமே நீ நிறுத்திட்ட. நெஜமா நிறுத்துனியா, ஒளிச்சு வெச்சுக் குடிக்கறியான்னு புரியல. இத கலந்துட்டேன்னா அப்பால எனக்கு எப்பிடித் தெரியும், நீயா உட்டியா, பொடி உட வெச்சுச்சான்னு? எனக்குத் தெரியணும். அதான் ஒட்டி வெச்சேன்.”

“டீ ஏன் கசக்குது?”

“கை நடுங்குதேன்னு தூளு ஜாஸ்தி போட்டேன்டா பேமானி!” என்றாள். இருபத்து மூன்று வருஷத்தில் அவள் என்னை ‘டா’ போட்டது அன்றைக்குத்தான். “அந்த நேரத்துக்கு உனக்கு ஏதாவது ஸ்ட்ராங்கா வேணுமே!”

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பொட்டலத்தோடு நான் மேலே தூக்கிவந்திருந்த அந்தப் பழைய பையிலிருந்து அவள் ஸ்டிக்கர் தாளை எடுத்து, ஒரு அம்பைக் கிள்ளி, குவார்ட்டரின் மூடிக்கும் கழுத்துக்கும் சேர்த்து ஒட்டினாள். “இப்ப சொல்லு. இன்னாத்துக்கு நிறுத்துன?”

சொன்னேன். துண்டை எடுத்துக் காட்டினேன். செக்கர் இல்லையா, வளைவை நான் காட்டுவதற்கு முன்பே அவள் விரல் அதன்மேல் போய் நின்றது. நான் குடித்ததற்கெல்லாம் வாயைத் திறக்காதவள் அதற்குத்தான் கத்தினாள். “அந்த மாஸ்டரு இன்னா பாவம் பண்ணாரு? உன் ரிஜெக்ட்ட அடுத்தவன் தலைல ஒட்டினியா?”

அவள் நிற்கும்போதே மாஸ்டருக்குப் போன் போட்டேன். எல்லாவற்றையும் அவர் கேட்டுக்கொண்டார். “இத்தினி நாள் கழிச்சு சொல்றீங்களே சார்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கம்பெனிக்கும் எழுதினேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு ஆர்டர் திரும்பிப் போக மாதங்கள் ஆயின. இன்றுவரை அவர் என்னிடம் வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை, பேசவேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. குவார்ட்டரையும் பொடியையும் ஒரே சாக்கடைக் குழாயில் கொட்டினோம்.

மறுநாளிலிருந்து பழையபடி அவளே டீ கொண்டுவந்தாள். ஒரு மாற்றம் இருந்தது. டம்ளரை வைத்துவிட்டு மொட்டைமாடியில் துணி எடுக்கப் போவாள். திரும்பும்போது, நான் பாதி குடித்த டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே இறங்குவாள். தினமும் இப்படித்தான். டீயில் ஒன்றும் இல்லை என்று எனக்குக் குடித்துக் காட்டுகிறாள் என்று நினைத்தேன். என் சந்தேகப் புத்திக்காக அவள் என் எச்சிலைக் குடிக்கவேண்டியிருக்கிறதே என்று வெட்கமாக இருக்கும். அப்படியே ஒன்றரை வருஷம் போனது.

போன மாதம் ஒருநாள் தாங்கமுடியாமல் சொல்லிவிட்டேன். “இனிமே நீ குடிச்சுக் காட்ட வேணாம்மா. எனக்கு உன்மேல சந்தேகமே இல்ல.”

அவள் டம்ளரும் கையுமாக நின்று என்னைப் புரியாமல் பார்த்தாள். பிறகு சிரித்தாள், தோளில் கிடந்த துணி சரிகிற அளவுக்குச் சிரித்தாள்.

“நான் எங்க காட்டறேன்? நான் அந்தாண்ட போன நேரத்துல நீங்க ஏதாவது ஊத்திக்கினீங்களான்னு பாக்கறேன்.”

ஒரு வாய் குடித்து, நாக்கில் வைத்துப் பார்த்து, விழுங்கினாள். டம்ளரை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். இப்போதெல்லாம் அவளுக்கென்று பாதி டம்ளரை மிச்சம் வைக்கிறேன்.