கண்கட்டுக்காரரின் அக்கா

அந்த ஆய்வுக்கூடத்தில் அவரைக் கண்கட்டுக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகிறவர்களின் கண்ணைக் கட்டி, காதில் இரைச்சல் வரும் ஹெட்போனை மாட்டி, பாதத்தை ஒரு பலகையில் வைப்பார். மோட்டார் பலகையை மெல்லச் சாய்க்கும். பாதம் மேலே போகிறதா, கீழே போகிறதா என்று பார்க்காமலே சொல்ல வேண்டும். இதென்ன பெரிய வித்தை என்பீர்கள். கால் மரத்துப்போனவர்களைக் கேட்டால் தெரியும்.

"பர்ஸை எடுத்துடாதீங்க சார்" என்று கிண்டல் செய்வார்கள். மனிதர் சிரிக்க மாட்டார். டைரக்டரே வந்து உட்கார்ந்தாலும் கட்டு தளராது. அவ்வளவு கறார்.

அவருடைய அக்கா பஸ் டிரைவர். சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போது விரலிடுக்கில் பார்த்த தம்பியின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தவர். சர்க்கரை நோயில் பாதம் மரத்துவிட்டதோ என்று டாக்டருக்குச் சந்தேகம். இங்கே தேறினால்தான் மறுபடி ஸ்டீயரிங் என்று சொல்லிவிட்டார். மெஷினை ஓட்ட வேறு ஆள் இல்லாததால் தம்பியே கண்ணைக் கட்டினார்.

"காதுல அதெல்லாம் வேணாம்டா. தலை சுத்தும்."

அக்கா சொல்லைத் தட்டிப் பழக்கமில்லை. ஹெட்போன் மேஜையிலேயே கிடந்தது.

"மேல... கீழ... கீழ... மேல..."

ஒன்றுகூடத் தப்பவில்லை. தம்பிக்கு வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. நிமிர்ந்து பார்த்தார். அக்காவின் தலை மோட்டார் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. பலகை ஏறும்போது மோட்டார் முனகும். இறங்கும்போது பெருமூச்சு விடும். காலமெல்லாம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றியவருக்கு அது போதாதா?

அப்படியே அனுப்பிவிட்டால் ஈ காக்கைக்குத் தெரியாது. வண்டி இல்லாமல் அக்கா வீட்டில் அடைந்து கிடப்பதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் கால் பிரேக்கில்தான் இருக்கிறதா என்று நடுரோட்டில் எந்த மோட்டார் வந்து சொல்லும்? பாழாய்ப்போன கை ஹெட்போனை எடுத்தது.

"இன்னொரு தடவைக்கா. இதை மாட்டிக்கிட்டு."

"அதான் எல்லாம் சரியாச் சொன்னேனேடா?"

"சொன்னேக்கா. மாட்டிக்கோ."

அக்கா கையை நீட்டி வாங்கித் தானே மாட்டிக்கொண்டார்.

தம்பி சுவிட்சைத் தட்டினார். பலகை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது. அக்கா வாயைத் திறக்காமல், மடியில் கைகளைக் கோத்தபடி உட்கார்ந்திருந்தார். தம்பி உதட்டைக் கடித்துக்கொண்டு சோதனையைக் கடைசிவரை ஓட்டி, மோட்டாரை நிறுத்தினார்.

காதில் இரைச்சல் அல்லவா, அக்கா உரக்கவே கேட்டார்: "என்னடா, இன்னும் ஆரம்பிக்கலையா?"