குகையிலிருந்து வந்த இரண்டு இழுப்பு

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் எதையும் கைவிட்டவனில்லை. அதியமான்கோட்டையில் ரோட்டைப் பார்த்து நிற்கும் மாடி வீடு நான் கட்டியது. மொரப்பூர்ப் பக்கம் பாறையைப் பிளந்து இறக்கிய கிணறுகள் என் ஆட்கள் வெட்டியவை. கிணற்றில் மோட்டார் சிக்கினால் மூச்சடக்கி முங்கிய ஊரில், பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஓஸ் மாட்டி மூச்சு விட்டுக்கொண்டே இறங்கியவன் நான். அப்புறம் ராமேஸ்வரம் போய், சங்கு எடுப்பவர்களோடு படகில் கிடந்து, ஸ்கூபா சிலிண்டர் கட்டக் கற்றுக்கொண்டேன். அதைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினால், “கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏத்த மாட்டோங்க” என்பார் கண்டக்டர்.

இத்தனையையும் ஊர் ஒத்துக்கொள்கிறது. ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. மாரண்டஹள்ளியைத் தாண்டி ஒரு தக்காளித் தோட்டத்துக் கிணற்றில் மூழ்கிய பிள்ளையை வெளியே கொடுத்தது கன்னிமார் சாமி என்கிறார்கள். அப்படியே கல்லிலும் வெட்டுகிறார்கள்.

அந்தப் பிள்ளை ஓசூர் கம்பெனியில் வேலை பார்த்தவன். லீவுக்கு வந்தவன் குளிக்கக் குதித்தான்; எழவில்லை. நல்ல மழை பெய்த வருஷம், கிணறு மேல்படி வரை நிறைந்து கிடந்தது. தீயணைப்பு ஆட்கள் பாதாளக் கரண்டி போட்டுத் துழாவினார்கள். கரண்டி நேரே கீழே போகும், குகைக்குள் வளையாது.

குகை அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பஞ்ச காலத்தில் ஊற்றைத் தேடி, கிணற்றின் அடிச் சுவரில் தமரு அடித்துத் துளை போட்டு, வெடி வைத்து, பக்கவாட்டில் அதை வெட்டியதே நான்தான். ஆள் தவழ்ந்து போகலாம். இரண்டு பேர் சேர்ந்து போக முடியாது. முங்கியவன் வழி தெரியாமல் அதற்குள் நுழைந்திருப்பான்.

தோட்டக்காரர் என் கையைப் பிடித்தார். “அண்ணா, உசுரோட கேக்கலைங்க. மண்ணுல போட எம்புள்ளய குடுங்க.”

அவர் மனைவி கிணற்று மேட்டில், மஞ்சள் பூசிய ஏழு கன்னிமார் கற்களுக்கு முன்னால் தலைவிரித்து உட்கார்ந்திருந்தார். அழவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிறு பிடிக்க என் மச்சான். ஒரு இழுப்பு என்றால் இன்னும் கயிறு விடு; இரண்டு என்றால் மேலே தூக்கு. எங்கள் கிணற்று வேலையில் எப்போதும் அதுதான் பேச்சு.

“கயித்த வுட்டுட்டு பீடி பத்த வெக்காத மச்சான்” என்றேன்.

“நீங்க மேல வந்தா பீடி மாமா. வராட்டி ஊதுவத்தி.”

சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, கயிற்றை இடுப்பில் முடிந்து இறங்கினேன். குகை வாயில் டார்ச் வெளிச்சம் கொஞ்ச தூரம் போனது. உள்ளே தவழ்ந்ததும் சேறு கிளம்பி, வெளிச்சம் என் முகத்திலேயே திரும்பி விழுந்தது. பிறகு கைதான் கண். சுவரைத் தடவிக்கொண்டே போனேன். கடைசியில் ஒரு கால் கிடைத்தது. பிள்ளை தூங்குகிற மாதிரி கூரையோடு ஒட்டிக் கிடந்தான்.

என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவன் அக்குளைச் சுற்றிக் கட்டினேன். முதலில் அவன் போகட்டும், பின்னால் நான் என்பது கணக்கு. இழுப்புக் கொடுக்க இன்னும் கயிற்றைத் தொடவில்லை. முடிச்சு சரியாக இருக்கிறதா என்று தடவிக்கொண்டிருந்தேன். கயிறு விறைத்தது. பிள்ளை என் கைக்குள்ளிருந்து வழுக்கிக்கொண்டு போனான்.

கயிறில்லாத குகையில் வாசல் எந்தப் பக்கம் என்று தெரியாது. அசையாமல் கிடந்தேன். ஊற்று உள்ளிருந்து வெளியே தள்ளும். சில்லென்ற தண்ணீர் காலில் பட்டால் தலை வாசல் பக்கம். அப்படித்தான் வந்து சேர்ந்தேன். வேறு யாராவது என்றால் இரண்டு சாவு.

மேலே பிள்ளையைப் பாயில் கிடத்தியிருந்தார்கள். அவனை மடியில் வாங்கிய பிறகுதான் அந்தத் தாய் அழுதார். நான் வாயிலிருந்து சிலிண்டர் ரெகுலேட்டரைப் பிடுங்கி மச்சானைத் திட்டினேன்.

“யாரக் கேட்டுடா தூக்கின?”

“ரெண்டு தடவ இழுத்தீங்களே மாமா.”

“நான் இழுக்கலடா.”

மூச்சு வாங்கும்போது வாயில் வந்த வார்த்தை. சுற்றி நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். எல்லார் கண்ணும் அந்த ஏழு கற்கள் பக்கம் திரும்பியது. அந்த அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னார்: “எங் கன்னிமாருங்க இழுத்துக் குடுத்தாங்க.”

நான் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகும் கிறிஸ்தவன். பிள்ளையின் உடம்பு பாறையில் சிக்கிக் கயிறு வெடுக்கென்று இழுபட்டிருக்கும் என்று மச்சானிடம் சொன்னேன். “சிக்குனா ஒரே வெடுக்கு மாமா. இது இழுப்பு. ஒண்ணு, கொஞ்சம் வுட்டு இன்னொண்ணு. உங்க கையி மாதிரியே இருந்துச்சு” என்றான். அவன் கயிறு பிடித்தே நரைத்தவன்.

அதன் பிறகு நான் தண்ணீரில் இறங்கவில்லை. பாலக்கோடு பஸ்ஸில் உட்கார்ந்திருப்பேன், பட்டப்பகல், பக்கத்தில் யாரோ கடலை தின்றுகொண்டிருப்பார்கள். இடுப்பில் இரண்டு இழுப்பு. கையை வைத்துப் பார்ப்பேன், வேட்டிதான் இருக்கும். பூசையில் முழங்காலிடும்போதும் வருகிறது. எங்கே தூக்குகிறார்கள் என்னை என்று வீட்டுக்காரியிடம் கேட்டேன். அவள் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது தோட்டக்காரர் கன்னிமாருக்கு மேடை கட்டிக் கல் வைக்கிறார். கட்டட்டும், தேங்காய்க்கு நானும் தருகிறேன். கயிற்றை இழுத்தது யார் என்று நான் சண்டைக்கு வரவில்லை; அது எனக்கும் தெரியாது. ஆனால் அந்த இருட்டில் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அந்தப் பிள்ளைக்குக் கட்டியது இந்தக் கை. முடிச்சு விழாமல் எந்தச் சாமியும் எதையும் இழுக்க முடியாது. கல்லில் கன்னிமாருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டு, கயிறு கட்டியவன் இன்னான் என்று என் பெயரை வெட்ட அவரிடம் சொல்லுங்கள்.