மாஸ்க்குக்குள் இருந்த கரி

படப்பையில் என் பக்கத்து வீட்டில் இருந்தவர், ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் காருக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒல்லியான உடம்பு, ஓயாத இருமல். வீட்டில் சின்னதாக ஒரு கடல்நீர்த் தொட்டி. அதில் உயிருள்ள பவளங்கள். யார் போனாலும், அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரின் கோப்பையைக் கழற்றிக் காட்டுவார். அதில் காபி நிறத்தில் அழுக்குத் தண்ணீர் நிற்கும்.

ஒருநாள் நான் போயிருந்தபோது, பெயிண்ட் நெடியை உறிஞ்சும் புது மாஸ்க் ஃபில்டர் ஒன்றை உடைத்து, உள்ளிருந்த கரியைத் துணிப்பையில் கட்டி, தண்ணீர் கலங்காமல் இருக்கத் தொட்டிக்குள் போட்டார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“இது கம்பெனியில உங்களுக்குக் குடுத்ததாச்சே! பெயிண்ட் அடிக்கும்போது இன்னா பண்ணுவீங்க?”

“பழசையே மாட்டிக்கினு ஓட்டுறேன் சார். மூச்சு முட்டுனா நான் வெளிய வந்துடுவேன். இதுங்க எங்க போவும்?”

சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. நான் குனிந்து பவளங்களைப் பார்த்தேன். தொட்டியில் தண்ணீர் இருப்பதே தெரியவில்லை, அத்தனை தெளிவு.