மாலை போட்ட மெயின் சுவிட்சும் சித்தூரின் பதினெட்டு கணினிகளும்

ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊரே கிளம்பியபோது நானும் சென்னையிலிருந்து கிளம்பினேன், ஆனால் மடிக்கணினியோடு. மாம்பழக் கூழை டின்னில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் ஒரு கம்பெனிக்குத் திருப்பதியில் தலைமை அலுவலகம், சித்தூரில் ஆலை. இரண்டு இடத்துக் கணினிகளிலும் புது அலுவலக மென்பொருளை ஏற்றித் தர வேண்டும். பழையதன் உரிமம் பூஜையன்றோடு முடிகிறது. ஆள் இல்லாத நாளில் செய்தால் தொந்தரவு இருக்காது என்று தேதியை நானே குறித்துக் கொடுத்தேன். அந்த மேதாவித்தனத்துக்குப் பிறகு வருகிறேன்.

பூஜைக்கு முந்தைய நாள் அதிகாலை ரயில், மூன்றேகால் மணி நேரத்தில் திருப்பதி. அலுவலகம் மூன்றாவது மாடியில், ஜன்னல் முழுக்க மலை. சர்வரிலிருந்து ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். நாற்பது கணினிகள், யார் கையும் படாமல், ஒவ்வொன்றாக அணைந்து எழுந்து புது முகம் காட்டின. பதினைந்து வருடமாகச் செய்கிற வேலைதான். இன்னமும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மலையையும் திரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் காலை சித்தூருக்குப் பேருந்து. எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழியெல்லாம் வாழைக்கன்று கட்டிய லாரிகள். பேருந்து நிலையத்திலிருந்து ஆலைக்கு ஆட்டோவுக்கு நூற்றியிருபது ரூபாய்.

"இன்னிக்கி இன்னா சார் வேல?" என்றார் ஓட்டுநர். "உங்கள உட்டுட்டு நானே பூஜ போட்டு வண்டிய நிறுத்திடப் போறேன்."

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஆலை அலுவலகத்தில் பதினேழு கணினிகள் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக வரிசையாக உட்கார்ந்திருந்தன. மோடத்துக்கு மல்லிகைச் சரம். மெயின் சுவிட்சுக்குச் சாமந்தி மாலை. எங்கள் சென்னை ஆபீஸில் பொட்டு வைத்த கையோடு மெயில் பார்ப்போம். இங்கே அப்படி இல்லை.

"பூஜ போட்டாச்சி சார்," என்றார் மேலாளர் முனிரத்தினம். "நாளைக்கி காலீல கற்பூரம் ஏத்திட்டுதான் தொடணும்."

"மெயின் மட்டும் போடலாமே?"

"மால போட்டுக்கினு இருக்குதே, தெர்ல?"

பதினெட்டாவது கணினிக்குப் பொட்டு இல்லை. அது ஏற்றுமதிப் பத்திரங்களைப் பார்க்கும் எஸ்தருடையது. எஸ்தர் மிஷன் சர்ச் குடும்பம். "வருசா வருசம் பொரி, சுண்டல் துன்ன வந்துடுவேன் சார். இவுங்க கும்புட்ற நாள்ல நானும் மிஷின தொடறதில்ல," என்றவர், நாளை முதல் பழைய மென்பொருள் ஓடாது என்று புரிந்ததும் கையிலிருந்த சுண்டலைக் கீழே வைத்துவிட்டார். மறுநாள் பகல் பன்னிரண்டுக்கு ஒரு கன்டெய்னர் சென்னைத் துறைமுகத்துக்குக் கிளம்ப வேண்டும். கிடங்கின் எடைச்சீட்டும் ஆய்வகச் சான்றும் அந்தந்தக் கணினியிலிருந்து வந்தால்தான் எஸ்தர் பில் போட முடியும். இங்குள்ள இணைய வேகத்தில் பதினெட்டும் திருப்பதியிலிருந்து இழுத்தால் மறுநாள் சாயங்காலம் ஆகிவிடும்.

"ஆறு மாசம் மெயில் போட்டுப் புடிச்ச பார்ட்டி சார். மொதோ லோடே கப்பல உட்டா அவன் திரும்ப வருவானா?" என்றார் எஸ்தர்.

முனிரத்தினம் அம்மன் படத்தையே பார்த்தார். படத்தைச் சுற்றி சீரியல் பல்புகள் மினுமினுத்துக்கொண்டிருந்தன. மெயின்தான் அணைந்திருக்கிறதே? அந்த ஒயர் ஜன்னல் வழியாகக் காவலாளி அறைக்குப் போனது. அதற்குத் தனி லைன்.

"எஸ்தரம்மா, உன் மிஷின்ல பொட்டு இல்ல. அம்மன் லைட்டு கூடவே சொருவிக்க. பர்வாலேது, தப்பில்ல," என்றார் முனிரத்தினம்.

அம்மனும் எஸ்தரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில். என் போன் இணையத்தில் மென்பொருளை அந்த ஒரு கணினியில் இறக்கி, மற்ற பதினேழும் மறுநாள் எழுந்ததும் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி அமைத்தேன். மதியத்துக்குள் முடிந்தது. மீதிச் சுண்டலை நான் தின்றேன்.

விஜயதசமி காலை ஒன்பதேகால். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, மாலையை விலக்கி, "நீயே போடும்மா" என்று எஸ்தரைக் கூப்பிட்டார் முனிரத்தினம். எஸ்தர் கண்மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு மெயினைத் தூக்கினார். பதினேழும் ஒன்றாக உறுமின. சந்தனப் பொட்டுக்குக் கீழே நீலத் திரைகள், அதில் ஒரே வேகத்தில் ஓடும் பதினேழு கோடுகள். கற்பூரப் புகைக்குள் எல்லோரும் திரைகளை எட்டிப் பார்த்தோம். திருப்பதியில் நாற்பதைப் பார்த்தவன்தான் நான். இதைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொன்னால் என்ன.

பதினொன்றரைக்கு பில் வந்தது. முனிரத்தினம் பாசத்தில் அதன் மூலையில் மஞ்சள் தடவ, "ஐயோ சார், போர்ட்ல வாங்க மாட்டாங்க!" என்று எஸ்தர் அலறி இன்னொன்று அடித்தார். மஞ்சள் பில் அம்மன் காலடிக்கு, வெள்ளை பில் லாரிக்கு. லாரி பன்னிரண்டுக்கு முன்பே கேட்டைத் தாண்டியது.

இந்தப் பக்கம் இதே வேலையாக வருபவர்களுக்கு: ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். பூஜையன்று வராதீர்கள், விஜயதசமி காலையில் வாருங்கள். புதிதாக எதையும் சந்தோஷமாகத் தொடங்க விடுவார்கள். சித்தூரிலிருந்து வேலூர் முப்பத்தைந்து கிலோமீட்டர்தான், சென்னை திரும்ப அது சுலபம்.

நான்காம் நாள் எஸ்தரிடமிருந்து செய்தி வந்தது: "கப்பல் கெளம்பிடுச்சி சார். அடுத்த பூஜைக்கி லேப்டாப்ப வீட்லயே வெச்சிட்டு வாங்க. சுண்டல் துன்னலாம்."