டீ ஆற்றும் மெஷினும் ஓர் அறையும்

பழைய மிக்ஸி மோட்டாரின் மேல் டம்ளரை மாட்டிச் சுழலவிட்டால் டீ நொடியில் ஆறிவிடும். விஞ்ஞானிகளுக்கே தோன்றாத இந்த மெஷினை இன்று காலை தொம்மலூர் டீக்கடையில் ஓட்டிக் காட்டினேன்.

டீ மாஸ்டர் செல்வம் சிரித்தார். "நான் கையால ஆத்தறதைவிட சீக்கிரம் ஆறிச்சுன்னா கடையிலயே வெச்சுக்கறேண்ணா."

சுவிட்சைப் போட்டேன். டம்ளர் ராக்கெட்டாகப் பறந்தது. கொதிக்கும் டீ ஆட்டோக்காரர் ஒருவரின் கழுத்தில் கொட்டியது.

அவர் என் கன்னத்தில் விட்ட அறை அல்சூர் வரை கேட்டிருக்கும். என் கண்ணாடி சாக்கடையில். வேறு ஆளாக இருந்தால் செத்திருப்பான்.

செல்வம் பால் கரண்டியால் மெஷினை அடித்து நொறுக்கினார். "இன்னொரு தரம் கொண்டாந்தீங்க, கையை ஒடைச்சிடுவேண்ணா."

பறந்து விழுந்த டம்ளரின் அடியில் ஒரு வாய் டீ மிச்சம் இருந்தது. குடித்துப் பார்த்தேன். பதமாக ஆறியிருந்தது.

இப்போது ஜெயித்தது யார்? நியாயமாகச் சொல்லுங்கள்.