கால்மிதியில் கிடந்த தூள்

எந்த வண்டி வந்தாலும் முதலில் பானட் பக்கம் போகமாட்டாள். ஓட்டுநர் கதவைத் திறந்து மண்டி போட்டு, தோட்டிலிருந்து விழுந்த திருகாணியைத் தேடுகிறவள் மாதிரி கால்மிதியைத் தடவிக்கொண்டிருப்பாள் என் சின்ன மகள். மண்ணோ முடியோ பொத்தானோ, கிடைத்ததை உள்ளங்கையில் வைத்து ஊதிப் பார்ப்பாள். "வண்டிக்காரங்க பாதிதாம்மா சொல்வாங்க. மீதி இங்க கிடக்கும்" என்பாள்.

பட்டறை என் பெரியவனுடையது. தங்கைக்குக் 'குப்பைக்காரி' என்று பட்டம் வைத்திருக்கிறான். அவள் கோபித்துக்கொள்வதில்லை, கூப்பிட்டால் அந்தப் பெயருக்கே திரும்பியும் பார்ப்பாள்.

நாற்பதைத் தாண்டியும் ஸ்க்ரூவை வாயில் கவ்விக்கொள்ளும் பழக்கம் போகவில்லை. "பல்லுல இருந்தா தொலையாதும்மா." டீயை ஆறவிட்டு, ஈ விழுந்ததா என்று பார்த்துவிட்டு ஒரே மடக்கில் குடிப்பாள். வேலை சரியாக முடிந்துவிட்டால் எதிர்க்கடை வரைக்கும் கேட்கும்படி பெருமையடிப்பாள். அடக்கமாக இரு என்று நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. லைசென்ஸ் இருந்தும், சரிசெய்த வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்க்க அண்ணன் விடமாட்டான். "ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்பான். கேட்டுக் கேட்டு அவளுக்கு வாய் வலித்துவிட்டது.

போன வாரம் பாட்டு டீச்சரின் கார் வந்தது. ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலேட்டரைத் தரையோடு சேர்த்து மிதித்தாலும் வேகம் எடுக்காது, ஒரே சுருதியில் முனகிக்கொண்டே நிற்கும். பெரியவன் பாதி இறங்கிப்போயிருந்த பாட்டரிக்குச் சார்ஜ் ஏற்றினான், காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்டினான், வயர்களை ஆட்டிப் பார்த்தான். கடைசியில் ஆக்சிலேட்டர் பெடலையே மாற்ற வேண்டும் என்றான்.

"மாத்தினாலும் கேக்காதுண்ணே" என்றாள், மண்டி போட்டபடியே.

"அப்ப நீ கேக்க வையேன்."

"வெச்சா ஓட்டிப் பாக்கறது நான்தான். அம்மா சாட்சி."

"சரிடி, குப்பைக்காரி." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நான் முக்காலியைக் கிட்டே நகர்த்திக்கொண்டேன்.

அவள் கையில் மஞ்சளாகக் கொஞ்சம் தூள் இருந்தது.

"டீச்சர் பிஸ்கட் தின்னிருப்பாங்க" என்றான்.

ஒரு துணுக்கை எடுத்துப் பல்லில் வைத்துக் கடித்தாள். "பிளாஸ்டிக்" என்று துப்பிவிட்டு வண்டிக்குப் பின்னால் போனாள். பெரியவன் அந்தப் பக்கம் போகிற ஆளே இல்லை, பானட்டைத் திறந்தால் அங்கேயே குடியிருப்பான். பின்சுவரெல்லாம் சிவப்பு வெளிச்சம்.

"அண்ணே, பிரேக்க யாரு மிதிச்சுக்கிட்டிருக்கா?"

"உள்ள ஆளே இல்லையே."

"அப்ப பிரேக் லைட்டு எதுக்கு எரியுது? இப்படி எரிஞ்சா பாட்டரி இறங்காம என்ன பண்ணும்?"

அவன் வந்து பார்த்தான்.

விஷயம் இவ்வளவுதான். பிரேக் பெடலின் தண்டில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் குமிழ் உண்டாம். யாரும் மிதிக்காதபோது அதுதான் போய் சுவிட்சை அழுத்தி, கால் எடுத்தாகிவிட்டது என்று வண்டிக்குச் சொல்லும். அது பழசாகிப் பொடிந்து உதிர்ந்துவிட்டது. யாரோ பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள் என்று வண்டி நம்பிவிட்டது. பிரேக்கையும் ஆக்சிலேட்டரையும் சேர்த்து மிதித்தால் அந்த வண்டி பிரேக் பேச்சைத்தான் கேட்குமாம். புத்தியுள்ள வண்டி என்றுதான் நான் சொல்வேன்.

டப்பாவில் தேடி எடுத்துப் பல்லில் கவ்வியிருந்த குட்டையான ஒரு ஸ்க்ரூவில் ரப்பர் வாஷர் கோத்து, குமிழ் இருந்த ஓட்டையில் பொருத்தி முடுக்கினாள். சுவரில் சிவப்பு அணைந்தது. வெளியே நின்றபடியே ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கையால் ஓர் அழுத்து அழுத்தினாள். அலமாரியில் இருந்த ஆயில் டப்பாக்கள் கடகடவென்று ஆடின.

"சொன்னேனா இல்லையா?" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

பெரியவன் கையைத் துடைத்தான், பழக்கதோஷத்தில் ஓட்டுநர் கதவுக்குப் போனான். நான் தொண்டையைச் செருமினேன். கதவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான், பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டான்.

அவள் ஏறினாள். அண்ணனின் நெட்டைக் காலுக்காகக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளியிருந்த இருக்கையை, தன் கால் எட்டும் மட்டும் டக், டக்கென்று முன்னால் இழுத்துப் போட்டாள்.