ஆறுமூலைத் துளையும் கடல் போட்ட இரும்பும்

யுத்தம் முடிந்த ஆண்டில் ஓர் உச்சிப்பொழுது. எங்கள் வீட்டுக்குப் பின்னால் வாவி. நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். அதன் கரையோரத் தகரக் கொட்டிலில் இரும்பு கடையும் என் லேத் இருந்தது. யாரோ வருவது தெரிந்து நிமிர்ந்தேன். ஆளைப் பார்க்கவில்லை, ஈரமணலில் கிடந்த தடத்தைத்தான் பார்த்தேன். வலது கால் என்னை நோக்கி வந்திருந்தது. இடது கால் திரும்பிப் போயிருந்தது. இரண்டும் ஒரே ஆளுக்குப் பின்னால் கிடந்தன.

லேத்தை நிறுத்தினேனா என்று சாப்பாட்டை விட்டு மூன்று தரம் எழும்பிப் போகிறவன் நான். என் முகம் எப்படிப் போயிருக்கும்!

"பயப்படாதீங்க அண்ணன், ஆள்தான்" என்றான் வந்தவன்.

வாகரைக்காரன். முப்பது வயதிருக்கும். எங்கள் ஊரில் பெண் எடுத்து, அவள் வீட்டில் இருந்தான். விறகுக்குப் போன இடத்தில் மிதிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. மர வாங்கில் உட்கார்ந்து, பொய்க்காலைக் கழற்றி என் மேசையில் வைத்தான். ஸ்பானர்களுக்கு நடுவே ஒரு கால், செருப்போடு. பாதம் பின்பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

பாதத்தைக் காலோடு பிடித்திருப்பது ஒரே ஒரு மரையாணி. உள்ளங்காலில் உள்ள சின்னத் துளை வழியாக, ஆறுமூலைக் கம்பியான அலன் கீயை ஆணித் தலைத் துளைக்குள் விட்டு இறுக்க வேண்டும். வலை வீசுகிறவன் நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பான். ஆணித் தலையில் ஆறு மூலையும் துருவில் கரைந்து, துளை வட்டமாகிவிட்டது. கீ சும்மா சுற்றியது.

"கடையில வாங்கிப் போட்டன் அண்ணன், ரெண்டு தரம். ரெண்டும் கறள் பிடிச்சிட்டு. சேத்துக்குள்ள நிக்கக்குள்ள பாதம் சுத்துது. போன கிழமை விழுந்து தண்ணி குடிச்சிட்டன். மனிசி வலையை அறைக்குள்ள வச்சிப் பூட்டிட்டா. கால் சரியாகாம தரமாட்டாவாம்."

"அப்ப வீட்டுச் சாப்பாடு?"

"அதுக்குத்தானே உங்களிட்ட வந்தன்."

துருப்பிடிக்காத இரும்பு வேண்டும். என்னிடம் ஒரே ஒரு துண்டு இருந்தது. கடல் ஊருக்குள் வந்த சுனாமி வருடம், அலை எங்கள் ஊரைத் தாண்டி ஆற்றுக்குள் எறிந்த ஒரு மீன்பிடிப் போட்டின் சாஃப்ட், விசிறியைச் சுழற்றும் தண்டு. கரையோரக் கண்ணாப் பற்றைக்குள் கிடந்தது. போட்டைத் தேடி ஒருவரும் வரவில்லை. பிணம் மிதந்த தண்ணீர் மீனே வேண்டாம் என்று மாதக்கணக்காக இருந்த நாங்கள் திரும்ப மீன் தின்னத் தொடங்கி நாலு வருடத்துக்கு மேலாகியும், அந்த இரும்பில் நான் கத்தி வைக்கவில்லை.

அதைத் தூக்கி வந்ததும் மனைவி அடுக்களையிலிருந்து வந்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்க, செத்தவங்கட இரும்பை உயிரோட இரிக்கிற ஆள்ர காலுக்குள்ள வைக்கப் போறீங்களா?"

எனக்கும் அதே நினைப்புத்தான். அவன்தான் பதில் சொன்னான்.

"என்ட காலை எடுத்ததும் இரும்புதான் அக்கா. அது புத்தம்புது இரும்பு."

அவள் சிரிக்கவில்லை. ஆனால் உள்ளேயும் போகவில்லை.

ஆணியைக் கடைந்து, மரை வெட்டி, தலையில் வட்டத் துளை போட்டேன். அந்த வட்டத்தை ஆறுமூலையாக்க என்னிடம் ஒரு கருவி இருந்தது. கட்டாரில் வேலை செய்து வந்த ஒருவர் காகிதத்தில் கீறிக் காட்டியதை வைத்து நானே செய்தது. முனை ஆறுமூலையாகத் தீட்டிய வெட்டிரும்பு, பேரிங்கில் தானாகச் சுழலும். அது நேராக நிற்கக் கூடாது, ஒரு பாகை சரிய வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒரு பாகை எவ்வளவு என்று தெரியாது. பிஸ்கட் தகரத்தைக் கீலம் கீலமாக அடியில் வைத்துச் சரி பார்த்தேன்.

லேத் சுழல, கருவியை மெல்ல அழுத்தினேன். தொட்ட உடனே அதுவும் கூடச் சுழலத் தொடங்கியது. சரிவு இருப்பதால் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து மூலைதான் கடிக்கும். பார்ப்பவருக்கு வெட்டுவதே தெரியாது. தலையை ஆட்டி ஆட்டி உள்ளே இறங்குவதுதான் தெரியும்.

"சாமி வந்த ஆள் மாதிரி உருவாடுது" என்றாள் மனைவி, மெதுவாக.

பிறகு சத்தம் வந்தது. மற்ற இரும்பு கரகரக்கும். இது வாய் மூடிய ஆள் தொண்டைக்குள் முனகுவதுபோல் முனகியது. எண்ணெய் விட்டேன். நிற்கவில்லை. லேத்தை நிறுத்திக் கீயை விட்டுப் பார்த்தேன். துளை முறுகியிருந்தது. நான் திருப்பாமலே கீ என் விரலுக்குள் மெல்லத் திரும்பிக்கொண்டு இறங்கியது. கையை எடுத்துவிட்டேன்.

அது பேயில்லை என்று எனக்குத் தெரியும். சுழலும்போது கருவி கொஞ்சம் பின்தங்கும், அதனால் மூலைகள் திருகும். கண்டு பழகியதுதான். அந்தத் துளை நல்ல கீயையும் கெடுக்கும். இரண்டாவது ஆணி கடைந்தேன். இந்த முறை பாதி ஆழத்தில் லேத்தை எதிர்ப்பக்கம் சுழலவிட்டேன். முனகல் மேலேறி, சட்டென்று நின்றது. ஆறு மூலையும் நேராக இருந்தன.

பாதத்தை நேராக்கி இறுக்கினேன். அவன் காலை மாட்டிக்கொண்டு கொட்டிலில் இருந்து நேரே ஆற்றுக்குள் இறங்கினான், இடுப்பளவுக்கு. வெறுங்கையால் வலை எறிவதுபோல் உடம்பைத் திருப்பி வீசினான். ஒரு தரம், மூன்று தரம், ஐந்து தரம். பிறகு அசையாமல் நின்று தண்ணீருக்குள் பார்த்தான்.

கொட்டில் வாசலுக்கு வந்தேன். "என்ன தம்பி, சுத்துதா?"

"இல்ல அண்ணன். கீழ ஆரோ ரெண்டு கையாலயும் பிடிச்சிரிக்கிற மாதிரி இரிக்கி."

திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"விடச் சொல்லிராதீங்க."

வலை கேட்க வீட்டுக்குப் போவதற்காக அவன் கரையேறினான். நான் தண்ணீர் தொடாத இடமாகப் பார்த்துத் தள்ளி நின்றுகொண்டேன்.